ஊர்சுத்திக் காசு

சாமிகளா, போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே உங்கள் சின்னத் தாத்தா ஒரு கதை சொன்னார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து வட்டம் போட்டு, "இத்தனூண்டு செம்புக் காசு, உங்க அத்த செஞ்சது. அத ராஜஸ்தான் கோட்டை வரைக்கும் ரிக் வண்டியில கொண்டு போயி, ஒரு டப்பாவுக்குள்ள போட்டுட்டு வந்தது ஆரு? நானாக்கும்" என்றார். நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. அவர் போன பிறகு பாப்பா ஓடிவந்து, "சின்னத் தாத்தா சூப்பர்ப்பா" என்று சொன்னபோது நான் எரிந்து விழுந்தேன். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் நீ அழுதாய். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தக் கோபம் உன் மேல் வந்ததில்லை, பல வருசமாக உள்ளே கிடந்தது. வாயால் சொன்னால் கத்திவிடுவேன். கத்தினால் என் முகத்தைத்தான் பார்ப்பீர்கள், விஷயத்தைப் பார்க்க மாட்டீர்கள். அதனால் எழுதித் தருகிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து, பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

சின்னத் தாத்தா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் கோபமே அதுதான். அதே சொல்லை ஒரு நாள் மாரியம்மன் கோயில் முன்னால், ஊர் கூடியிருந்தபோது, அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் அத்தை பண்டிகைக்கு இந்த ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருப்பாள். "அத்தைக்கு லீவு கிடைக்கலை" என்று வருசா வருசம் நான் உங்களிடம் சொல்கிறேனே, பொய் என்றால் அதுதான் பொய்.

அத்தை அப்போது கல்யாணம் ஆகாதவள், சேலத்தில் ஒரு கம்பெனியில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி ஒரு லீவு நாளில் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய், செல்போனில் திசை பார்த்துப் பார்த்து நடந்து, பாறை இடுக்கில் யாரோ ஒளித்து வைத்திருந்த டப்பா ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கிறாள். ஜியோகேச்சிங் என்று அந்த விளையாட்டுக்குப் பெயராம். உலகம் முழுக்க இப்படி டப்பாக்களை ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை மட்டும் இணையத்தில் போட்டு வைப்பார்கள். தேடிக் கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் தாளில் தன் பெயரை எழுதிவிட்டு, டப்பாவைப் பழையபடி வைத்துவிட்டுப் போக வேண்டும். சில டப்பாக்களில் நம்பர் போட்ட காசு கிடக்கும். அதை எடுத்தவர் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது. வேறு ஊரில் இருக்கும் இன்னொரு டப்பாவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, இந்த நம்பர் காசு இந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று இணையத்தில் எழுதிவிட வேண்டும். ஆள் மாற்றி ஆள் எடுத்துப்போகக் காசு தேசம் தேசமாகச் சுற்றும். அதைச் செய்து அனுப்பியவர் வீட்டில் உட்கார்ந்தபடி அது போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதைக் கேட்டுவிட்டு, "வேல வெட்டி இல்லாதவங்க பண்றது" என்றேன். "நீ மட்டும் என்னண்ணா? லாரிக்கு நம்பர் அடிச்சு உடறயே, அது எங்கெங்க போகுதுன்னு ஒரு நாளாச்சும் நெனச்சுப் பாத்திருக்கியா?" என்றாள். அந்தக் காசுக்கு ஊர்சுத்திக் காசு என்று பேர் வைத்தது நான்தான்.

கடையில் விற்கிற காசு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு காசை நாமே செய்துகொள்ளலாம் என்று அவள் கண்டுபிடித்தாள். நான் புதுச்சத்திரத்தில் டிரெய்லர் கட்டும் பட்டறையில் இருந்தேன். டிரெய்லர் இரும்புச் சட்டத்தில் சுத்தியலால் நம்பர் பதிக்கிற பஞ்ச் செட் என் கையில் இருந்தது. சேலத்துப் பாத்திரக் கடையில் வெட்டி மிஞ்சிய செம்புத் தகட்டை எடைக்கு வாங்கிக்கொண்டு வாரக் கடைசியில் வருவாள். காம்பஸால் வட்டம் கீறி, தகரக் கத்தரியால் வெட்டி, அரத்தால் ஓரம் ராவுவேன். பிறகு பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவேன். இரும்பு அப்படிப் போட்டால் இறுகும், செம்பு இளகும். லாரி ஸ்பிரிங்கின் லீஃப் பட்டை ஒன்றை அடியில் வைத்து, எழுத்தும் எண்ணுமாக இருக்கும் அந்த நம்பரை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். ஒரு எழுத்துக்கு ஒரே அடிதான். இரண்டாவது அடி விழுந்தால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்துவிடும். முதலில் அடித்ததெல்லாம் கோணல். "குடிச்சுப்போட்டு அடிச்சியாண்ணா?" என்று தூக்கி வீசுவாள். முன்பக்கம் என் வேலை, பின்பக்கம் அவள் வேலை. நகப் பூச்சைத் தொட்டு ஒரு மரவள்ளி இலையை வரைவாள். முன்பக்கம் முழுக்க அதே பூச்சைப் பூசி மூடிவிட்டு, சர்க்யூட் போர்டு அரிக்கிற மருந்தில் போட்டு வைப்பாள். பூச்சு இருந்த இடம் மேடாக நிற்க, மற்ற இடம் அரிபட்டுப் பள்ளமாகி, இலை எழும்பி வரும். புளி போட்டுத் தேய்த்தால் புதுக் குடம் மாதிரி மின்னும். எதற்கு மரவள்ளி என்று கேட்டேன். "நம்ம காட்டுல வெளையறது அதுதான? வேறெதப் போடறது?" என்றாள். அவள் செய்த எல்லாக் காசிலும் அந்த இலை இருக்கும். அது அவளுடைய முத்திரை.

என் அப்பா இறந்த வருசம் அவருக்காக ஒரு காசு செய்தாள். மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு ஆத்தூரில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போய்விட்டுத் திரும்புவார். அதைத் தாண்டி அவர் போனதே இல்லை. பழனிக்குப் போகலாம், திருப்பதிக்குப் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே முடிந்துபோனார். அந்தக் காசுக்கான இணையப் பக்கத்தில், எங்கள் அப்பா ஆத்தூரைத் தாண்டியதில்லை, எடுக்கிறவர்கள் தயவுசெய்து முடிந்த தூரம் கூட்டிப்போங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தாள். அப்பாவின் தம்பிதான் உங்கள் சின்னத் தாத்தா, எனக்குச் சித்தப்பா. திருச்செங்கோட்டு ஓனர் ஒருவரின் போர்வெல் ரிக் வண்டியில் வேலை. வடநாடு முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். லீவில் வந்திருந்தவர், அந்தக் காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "எங்கண்ணன நாங் கூட்டிட்டுப் போறனம்மிணி" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சொன்னபடியே கொண்டுபோனார். எந்தக் கோட்டையில், எந்தச் சுவருக்குக் கீழே டப்பா இருக்கிறது என்று அத்தை போனில் வழி சொல்லச் சொல்ல, வண்டியை நிறுத்திவிட்டுப் போய் வைத்தார். வைப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்பினார். கிரீஸ் படிந்த உள்ளங்கையில் அந்தக் காசு. கை மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். வண்டியை வழியில் நிறுத்தியது ஓனருக்குத் தெரிந்தால் திட்டுவாராம். இவ்வளவும் உண்மை, இவ்வளவும் நல்லது. இதோடு அவர் கதை முடிந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

அத்தை நம் காட்டிலும் ஒரு டப்பா வைத்தாள். நம் காட்டுக்கும் பெரியப்பா காட்டுக்கும் நடுவில் கல் அடுக்கிய கல்லுக்கட்டு இருக்கிறதல்லவா, அதில் நம் பக்கத்துப் பொந்தில் ஒரு எவர்சில்வர் டப்பா. பெரியப்பா என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர், உங்களுக்குப் பெரிய தாத்தா. டப்பாவுக்குள் அவள் செய்த காசுகள் சிலதும், பேர் எழுத ஒரு தாளும் இருந்தன. ஒரு நாள் பெங்களூரிலிருந்து புருசன் பெண்டாட்டியாக இரண்டு பேர் காரில் வந்தார்கள். செல்போனைக் கையில் ஏந்தி, குனிந்து குனிந்து வரப்பில் நடந்து, கல்லுக்கட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, டப்பாவைத் திறந்து ஒரு காசை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் பொம்மையைப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த விளையாட்டில் அப்படிப் பதில் பொருள் வைப்பது உண்டு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் எங்களிடம் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அத்தை கூட்டிப்போய்க் காட்டியிருப்பாள்.

அந்தக் கோடையில் பெரியப்பா காட்டுக் கிணறு வற்றியது. மரவள்ளி வாடிக்கொண்டிருந்தது. போர் போட முடிவானது. நீரோட்டம் பார்த்தவர் சித்தப்பா. ரிக்கில் இருக்கிறவர், அது போகத் தேங்காய் பார்க்கிறவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார். நீரோட்டத்துக்கு மேலே வந்தால் தேங்காய் எழுந்து நிற்குமாம். மேட்டுப் பக்கம் நின்றது. "எங்கண்ணனுக்கு நான் பொய் சொல்லுவனா? இங்க இல்லீன்னா இந்த ஜில்லாவுலயே தண்ணி இல்லீங்க" என்றார். ஓனரிடம் சொல்லித் தன் வண்டியையே கொண்டுவந்தார். ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான் பறந்தது. தேங்காய் மறுபடி எழுந்து நின்ற இன்னொரு இடத்திலும் புழுதி. பெரியப்பா சித்தப்பாவிடம் பேசுவதை நிறுத்தினார். "தேங்காக்காரரு வாராரு, சட்டினிக்கு ஆகுமா கேளு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சித்தப்பா டீக்கடைக்கு வராமல் வீட்டோடு இருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது இடம் பார்ப்பதற்காகப் பெரியப்பா ஜேசிபி விட்டுக் கல்லுக்கட்டை ஒரு பக்கம் ஒதுக்கினார். அப்போது டப்பா உருண்டு வெளியே விழுந்தது. திறந்தால் செம்புத் தகடு. தகட்டில் எழுத்தும் எண்ணும். பின்னால் விரல் விரித்த கை மாதிரி ஒன்று. முகம் தெரியாத ஆட்கள் பேர் எழுதிய தாள். மேலே ஒரு பொம்மை. செய்வினை வைக்கிறவர்கள் செம்புத் தகட்டில் எழுத்துக் கீறித்தான் புதைப்பார்கள் என்று நம் பக்கம் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அதை நானும் குறை சொல்ல மாட்டேன், முதலில் பார்த்தவுடன் யாரும் பயந்திருப்பார்கள். தகடு எடுக்கிறவர் என்று ஆத்தூர்ப் பக்கமிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் காசைத் தொடாமல் குச்சியால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இந்தக் கைதான் உங்க நீரோட்டத்தப் புடிச்சு வெச்சிருக்குது" என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். பிறந்ததிலிருந்து மரவள்ளி நட்டு, மரவள்ளி பிடுங்கி, மரவள்ளி விற்றுச் சாப்பிட்ட ஆட்கள். ஒருவருக்குக்கூட அது மரவள்ளி இலை என்று தெரியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் கூடினார்கள். டப்பாவை அங்கே வைத்தது அத்தைதான் என்று ஆடு மேய்க்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள், அதனால் சேலத்திலிருந்து அவளை வரச் சொன்னார்கள். ஆபீசுக்குப் போகிற அதே சுடிதாரோடு, தோளில் பையோடு வந்து நின்றாள். "ஏம்மிணி, உங்கப்பன் போனதுக்கப்புறம் உனக்கு நான் என்ன கொற வெச்சேன்?" என்று பெரியப்பா கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அவர் பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். அவர் மேல் எனக்குக் கோபம் பாதிதான். அத்தை நிதானமாகத்தான் சொன்னாள். விளையாட்டு என்றாள், இணையம் என்றாள், டப்பா என்றாள். "கட்டிக் குடுக்கற வயசுல கல்லுக்கட்டுல ஒளிச்சு வெச்சு வெளையாட்டா? கண்ணாமூச்சி தெரியும், இது என்ன மூச்சியோ" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. நான் பட்டறையிலிருந்து பஞ்ச் செட்டைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு தகரத் துண்டை வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே அதே நம்பரை அடித்துக் காட்டினேன். "அப்ப அண்ணனும் தங்கச்சியும் சேந்து செஞ்சதா?" என்றார்கள். அத்தை செல்போனை எடுத்து, அப்பா காசின் படத்தைக் காட்டினாள். பெரியப்பா அதைத் தள்ளிவிட்டு, "ஆரு கையோ, எவங் கையோ. செல்லுல என்னத்த வேணும்னாலும் காட்டலாம்" என்றார்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் கூட்டத்தின் ஓரத்தில், கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். துண்டை மடியில் போட்டு, இரண்டு கையையும் அதற்குள் சுருட்டி வைத்திருந்தார். அத்தை நேராக அவரிடம் திரும்பினாள். "சித்தப்பா, நீங்க சொல்லுங்க. எங்கப்பா காச நீங்கதான கொண்டு போனீங்க?" கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நம் ஊரில் வடநாடு பார்த்த மனிதர், பெரியப்பாவுக்குக் கூடப்பிறந்தவர், அவர் சொன்னால் கேட்பார்கள். அவர் துண்டைப் பார்த்தபடி, "எனக்கென்னம்மிணி தெரியும்? நான் வண்டியோட ஊர் ஊரா கெடக்கறவன்" என்றார்.

அத்தை செல்போனைப் பைக்குள் போட்டாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிரவே இல்லை. பிறகு தட்டில் கற்பூரத்தை ஏற்றி அவள் முன்னால் நீட்டினார்கள். நான் செய்வினை வைக்கவில்லை என்று சொல்லிக் கற்பூரத்தைக் கையால் அணைத்துவிட்டால் போதும், விட்டுவிடுவார்களாம். எங்கள் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கற்பூரந்தான சாமி, அணச்சுப்போட்டு வந்துரு, ஊட்டுக்குப் போயர்லாம்" என்று கெஞ்சினாள். அத்தை கையை விடுவித்துக்கொண்டாள். "திருடனுக்குத்தாம்மா சத்தியம் கேப்பாங்க. நான் எதுக்குப் பண்ணோணும்?" என்றாள். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. பெரியப்பாவைப் பார்த்து, "அது மரவள்ளி எலைங்க பெரியப்பா. ஒருக்கா நல்லாப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். சேலம் பஸ் வந்தது. ஏறும்போது, "அப்பா இருந்திருந்தா அந்த எலையக் கண்டுபுடிச்சிருப்பாருண்ணா" என்றாள். சத்தியத்துக்குப் பயந்துதான் ஓடிவிட்டாள் என்று ஊரில் முடிவு செய்தார்கள்.

காசுகளின் நடுவில் ஆணி அடித்து, எலுமிச்சம்பழத்தோடு சிவப்புத் துணியில் கட்டிச் சுடுகாட்டில் புதைத்தார்கள். மூன்றாவது போர் போட்டார்கள். இந்த முறை சித்தப்பாவின் தேங்காய் ஓடைக்கரைப் பள்ளத்தில் எழுந்து நின்றது. அங்கே தண்ணீர் உண்டு என்பது என் அப்பா உயிரோடு இருந்தபோதே சொன்னதுதான், ஆடு மேய்க்கிறவர்களுக்கும் தெரிந்ததுதான். தண்ணீர் பீறிட்டு வந்தது. பெரியப்பா சித்தப்பாவுக்கு மாலை போட்டார். தேங்காய் பொய் சொல்லவில்லை, தகடுதான் மறித்திருந்தது என்று டீக்கடையிலேயே பேசினார்கள். சித்தப்பா மறுபடியும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். புழுதி பறந்த பழி அத்தை மேல் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் வராமல் இருந்திருந்தாலாவது ஒரு நாள் உண்மை தெரிந்திருக்கும். தண்ணீர் வந்ததுதான் அவளை மொத்தமாகக் குற்றவாளி ஆக்கியது. அவள் கல்யாணத்தை ஓசூரில் வைத்தோம். பெரியப்பா வரவில்லை. சித்தப்பா வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து, பாயசம் இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அத்தை இன்னமும் காசு செய்கிறாள். நம்பர் அடிக்க என்னிடம் வருவதில்லை. ஓசூரிலேயே பஞ்ச் செட் வாங்கி வைத்துக்கொண்டாள்.

உன் மேல் எரிந்து விழுந்த மறுநாள் நான் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். "நேத்து எம் புள்ளைங்ககிட்டச் சொன்னீங்கல்ல, அத அப்படியே பண்டிகைக்கு நோம்பி சாட்டி ஊரு கூடற அன்னைக்குக் கோயில் முன்னால சொல்லுங்க" என்றேன். அவருக்கு ஒரு நிமிடம் எதைப் பற்றிக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. புரிந்ததும் சிரித்தார். "அட விடு சாமி. அன்னைக்கு நான் வாயத் தொறந்திருந்தா என்னையல்ல தொலச்சுக் கட்டியிருப்பாங்க? ரெண்டு போரு புழுதி. அவ என்ன, பொட்டப்புள்ள, எப்படியும் இன்னொரு ஊருக்கு வாக்கப்பட்டுப் போறவ. நான் இதே ஊர்ல பொழைக்கோணுமல்ல?" என்றார். அவர் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, "அதுதான் தண்ணி வந்துருச்சே, அப்பறம் என்னத்துக்குக் கெளர்ற?" என்றார். ஒரு பெண் பிள்ளை எப்படியும் போகப்போகிறவள்தானே, அவளை முன்னாலேயே தள்ளிவிட்டால் என்ன என்று ஒரு மனிதர் கணக்குப் போட்டிருக்கிறார். போட்ட கணக்கு இத்தனை வருசம் அவர் தூக்கத்தைக் கெடுக்கவும் இல்லை. பாப்பா, நீயும் இந்த ஊரில் பிறந்த பெண் பிள்ளைதான். அதனால்தான் உனக்கு இது தெரிய வேண்டும்.

அவர் வந்தால் டீ கொடுங்கள். தாத்தா என்றே கூப்பிடுங்கள். அந்தக் காசுக் கதையை அவர் மறுபடி சொன்னால் நன்றாக உட்கார்ந்து கேளுங்கள். ராஜஸ்தான் கோட்டையில் வைத்துவிட்டு வந்தேன் என்று அவர் நிறுத்துகிற இடத்தில், "அப்பறம் என்னாச்சுங் தாத்தா?" என்று கேளுங்கள். வேறெதுவும் கேட்க வேண்டாம். அவர் சொல்லும் வரைக்கும் அதையே கேளுங்கள்.

நேற்று நான் சேலத்துக்குப் போனது எதற்கு என்று உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. பாத்திரக் கடையில் ஒரு செம்புத் தவலை வாங்கினேன். பண்டிகைக்கு வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் வைப்பதற்குக் கோயிலுக்கு ஆளாளுக்கு ஒன்று வாங்கி வைப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி. "பேர் வெட்டித் தரட்டுங்களா? மிசின்ல ஒரே நிமிசந்தான்" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்குப் பட்டறைக்கு லீவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு மரக்கட்டையை உள்ளே முட்டுக்கொடுத்து, தவலையின் வயிற்றில் எல்லாரும் பார்க்கிற இடத்தில், கூர் உளியால் புள்ளி புள்ளியாக உங்கள் அத்தையின் பெயரை வெட்டினேன். பஞ்ச் செட்டில் தமிழ் எழுத்துக் கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன், ஒரு புள்ளிக்கு ஒரே அடி. அதற்குக் கீழே என் அப்பா பெயரையும், உபயம் என்றும் வெட்டினேன். வெயில் ஏறிய நேரத்தில் கோயிலில் யாரும் இல்லை. வாசல் தூணுக்குப் பக்கத்தில், பெயர் தெருவைப் பார்த்து இருக்கும்படி தவலையை வைத்தேன். பெரியப்பா காட்டு போரிலிருந்துதான் கோயில் குழாய்க்குத் தண்ணீர் வருகிறது. குழாயைத் திறந்து, கழுத்து வரைக்கும் பிடித்து நிரப்பி, தட்டால் மூடி, மேலே டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.